தளபதி மாறுவார், கூரை ஒழுகும்

இந்தியாவின் பழைய கன்டோன்மென்ட் ஊர்கள் பலவற்றில் ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ் என்ற பெயரில் ஒரு வீடு இருக்கும். வெள்ளைக்கார ஜெனரல் குடியிருக்கக் கட்டிய வீடு. 1947-க்குப் பிறகு அதே வீட்டில் நம் ஜெனரல் குடியேறினார். பெயரை யாரும் மாற்றவில்லை. சில ஊர்களில் பெயர்ப்பலகை தொங்கும் ஆணியைக்கூட மாற்றவில்லை என்று என்னால் சொல்ல முடியும். ஆணி மாற்றுவதும் எங்கள் துறையின் வேலைதான்.

எம்.இ.எஸ். எனப்படும் ராணுவப் பொறியியல் சேவையில், கட்டடமும் சாலையும் பார்க்கிற பி.ஆர். பிரிவில் நான் சூப்பிரண்டெண்ட்டாகச் சேர்ந்தேன். பிற்பாடு அந்தப் பதவிக்கே ஜூனியர் இன்ஜினியர் என்று பெயர் வைத்தார்கள். சம்பளம் ஏறியதோ இல்லையோ, கௌரவம் ஏறியது. திருநெல்வேலிப் பக்கத்துக் கொத்தனார் குடும்பம் எங்களுடையது. வேலை கிடைத்தது கங்கைச் சமவெளியில் ஒரு பழைய கன்டோன்மென்ட். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. பாதுகாப்பு ஒரு காரணம். அந்த வீட்டில் குடியிருந்தவர்களில் சிலர் இன்னும் நல்ல ஞாபகசக்தியோடு இருக்கிறார்கள் என்பது மற்றொரு காரணம்.

இப்படிப்பட்ட வீடு என்றதும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த அறையில் யார் படுத்தார்கள்?" அந்த வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு டெல்லிக்குப் போக வேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் கமாண்டர் இன் சீஃப் என்பவர் வைஸ்ராய்க்கு அடுத்த இடத்தில் இருந்தவர். வைஸ்ராயின் நிர்வாக சபையிலும் அவருக்கு நாற்காலி உண்டு. புது டெல்லி எழும்பியபோது வைஸ்ராய் மாளிகைக்குத் தெற்கே அவருக்கென்று ஒரு மாளிகை கட்டினார்கள். கன்னாட் பிளேஸை வரைந்த ராபர்ட் டோர் ரஸல்தான் இதையும் வரைந்தார். 1930-இல் வேலை முடிந்தது. சுற்றிலும் ஏறக்குறைய 30 ஏக்கர். எதிரே ரவுண்டானாவில் மூன்று வீரர்களின் சிலைகள், 1922-லேயே நின்றவை. முதல் உலகப் போரில் ஹைஃபா உள்ளிட்ட போர்முனைகளில் சண்டையிட்ட ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர் சமஸ்தானக் குதிரைப்படைகளின் நினைவுச்சின்னம் அது. மாளிகையின் பெயர் ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ். கமாண்டர் இன் சீஃப்களில் வேவல் அங்கே இருந்தார், ஆச்சின்லெக் இருந்தார்.

சுதந்திரம் வந்த அன்றே தரை, கடல், வான் மூன்றுக்கும் தனித்தனித் தளபதிகள் என்றாகிவிட்டது. எல்லாப் படைக்கும் சேர்த்து ஒரே தலைவர் என்ற பழைய ஏற்பாடு போயிற்று. மாளிகை மட்டும் நின்றது. 1948 ஆகஸ்டில் நேரு யார்க் ரோடு வீட்டைக் காலிசெய்துவிட்டு அதற்குள் குடிபுகுந்தார். தரைப்படைத் தலைவரின் இல்லம் கிங் ஜார்ஜ் அவென்யூவில் 4-ஆம் எண் பங்களா என்று ஆனது. அந்தச் சாலை பின்னாளில் ராஜாஜி மார்க். நேரு குடிபுகுந்தபோது கவர்னர் ஜெனரலாக வைஸ்ராய் மாளிகையில் இருந்தவரும் ராஜாஜிதான். 4-ஆம் எண் வீடு இன்றும் ஆர்மி ஹவுஸ். நம் பக்கத்து குமாரமங்கலம் 1966-லிருந்து 1969 வரையும், சுந்தர்ஜி 1986-லிருந்து 1988 வரையும் தரைப்படைக்குத் தலைமை வகித்தார்கள். 1955-இல் கமாண்டர் இன் சீஃப் என்ற பட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். மூன்று படைகளுக்கும் உச்சத் தலைவர் குடியரசுத் தலைவர். தளபதிகள் படைத் தலைமை அதிகாரிகள், அவ்வளவுதான்.

நேருவுக்கு அவ்வளவு பெரிய மாளிகை எதற்கு என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வீடு ஒதுக்குகிற இலாகாவில் உழன்றவனுக்கு வேறொன்று கண்ணில் படும். சர்க்கார் ஊழியத்தில் ஒருவருடைய இடம் எது என்பதை அரசாணையைவிட அவருக்கு ஒதுக்கிய வீடு தெளிவாகச் சொல்லிவிடும். ஊரிலேயே இரண்டாவது பெரிய வீடு தளபதியிடமிருந்து பிரதமருக்குப் போனது. சண்டை இல்லை, கூச்சல் இல்லை. எல்லைக்கு அப்பால் பாருங்கள். பிரிட்டிஷ் வடக்குக் கட்டளையின் தலைமையகம் இருந்த ராவல்பிண்டியில் பாகிஸ்தான் ராணுவத் தலைமையகம் அமைந்தது. அங்கே ஜியா உல் ஹக் ஜனாதிபதியான பிறகும் ஆர்மி ஹவுஸைவிட்டு நகரவில்லை. முஷாரஃப் 2007 நவம்பரில் சீருடையைக் கழற்றிய பிறகும் அங்கேயே இருந்தார். ஜனாதிபதி மாளிகை பக்கத்து ஊரான இஸ்லாமாபாத்தில் இருந்தது. எந்த நாட்டில் யார் யாருக்கு வீட்டைக் காலிசெய்து கொடுத்தார்கள் என்று பார்த்தால் போதும், பாதி அரசியல் விளங்கிவிடும்.

இலங்கையிலும் இதே கதைக்கு ஒரு கிளை இருக்கிறது. 1957 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. அட்மிரல் வாழ்ந்த வீடும் அந்தத் தளத்தோடு சேர்ந்து உள்நாட்டுக் கடற்படை வசமாயிற்று.

இனி கூரைக்கு வருவோம்.

ஜெனரலின் பதவிக்காலம் பெரும்பாலும் இரண்டு வருடம், மிஞ்சினால் அதற்கு மேல் கொஞ்சம். வீட்டுக்கு வயது நூற்றுக்கு மேல். ஒவ்வொருவரும் வரும்போது ஓர் ஆசையோடு வருவார். ஒருவருக்கு வரவேற்பறையில் மரப்பலகை அடிக்க வேண்டும், அடுத்தவருக்கு அதைப் பெயர்க்க வேண்டும். ஒருவர் குளியலறையை இரண்டாக்குவார், அடுத்தவர் இடையில் இருக்கும் சுவரைத் தட்டச் சொல்வார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஊர் ஊராக மாற்றலாகி வாழ்ந்தவர்களுக்கு, கடைசியில் கிடைத்த பெரிய வீட்டைத் தன் வீடாக்கிக்கொள்ளும் ஆசை இருக்கத்தானே செய்யும்! சிக்கல் என்னவென்றால், அந்தச் சுவர் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் சேர்ந்த வருடத்து மழைக்காலத்தில் போர்ட்டிகோவை ஒட்டிய வரவேற்பறைச் சுவர் இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்துக் கிடந்தது. விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி உதிரும், அதன் பின்னால் பெயின்ட் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வரும். பழைய கோப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு தளபதி மாற்றத்தின்போதும் அதே சுவரைச் சுரண்டி, சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து, புதியவர் வருகிற விருந்துக்குப் பளபளப்பாகக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த மழை வரைக்கும் தாங்கும். பில் பாஸாக அது போதும்.

எங்களிடம் புந்தேல்கண்டிலிருந்து வந்த ஒரு மூத்த மிஸ்திரி இருந்தார். என்னை 'மதராசி சாப்' என்றுதான் கூப்பிடுவார். கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர், கணீர் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'டொப்' என்றது. அங்கிருந்து தரைவரை டொப், டொப். திரும்பி என்னைப் பார்த்து, "சுவரின் மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள், சாப்" என்றார்.

அவர் சொன்னதில் பள்ளிக்கூட விஞ்ஞானம் முழுக்க இருக்கிறது. ஒன்றரை அடிக் கனத்தில், சுட்ட செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் அது. மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு இடம் கொடுக்கும். சிமென்ட் பூச்சு செங்கல்லைவிட இறுகியது, ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள் மேலே ஏறும். பூச்சு கெட்டியாக நிற்கும், அதன் பின்னால் செங்கல் மாவாகும். ஆகவே சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீட்டில் ஓதம் கண்டால் சிமென்ட் மூட்டையைத் தொடாதீர்கள். ஒப்பந்ததாரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி. அவருக்குச் சுண்ணாம்பு வேலை கட்டுப்படியாகாது. கூலியும் அதிகம், நாளும் அதிகம்.

ஆனால் பூச்சை மாற்றினால் மட்டும் போதாது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாக வேண்டும். போர்ட்டிகோ ஓரத்தில் ஆள்விட்டு ஒரு குழி தோண்டினோம். இரண்டு முழம்கூடத் தோண்டவில்லை, கல் தட்டுப்பட்டது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் மழமழவென்று செதுக்கிய ஒரு படி. வராந்தாவுக்கு இரண்டு படி என்று இத்தனை காலமாக எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தோம். கட்டியவன் வைத்தது மூன்று. ஒவ்வொரு பெரிய மனிதர் வருகைக்கும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, ஒரு படியை விழுங்கியிருந்தது. மழைநீர் வெளியே ஓட வேண்டிய வாட்டம் திரும்பி, வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. சுவரின் அடியில், தரைமட்டத்துக்கு மேலே, ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு வரி போட்டிருப்பார்கள். அந்த வரியும் மண்ணுக்குள் போய்விட்டது. போதாததற்கு, சுவரை ஒட்டியே பூப்பாத்தி. தினமும் காலையில் தோட்டக்காரர் குழாயைத் திறந்துவிடுவார்.

சாலையைச் சுரண்ட அனுமதி கிடைத்துவிட்டது. பூப்பாத்தியை நகர்த்துவதுதான் பெரும்பாடு. குளிர்காலத்தில் ஸ்வீட் பீயும் டேலியாவும் அங்கே பூப்பது அந்த வட்டாரத்துக்கே பெருமை, ஆண்டுதோறும் மலர்க்கண்காட்சியில் பரிசு வாங்குகிற பாத்தி. ஜெனரலின் மனைவி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்கள் ஊரில் வீட்டை ஒட்டிச் செடி வைக்கமாட்டீர்களா?"

"வைப்போம், மேடம். நடுவில் திண்ணை இருக்கும்."

சிரித்துவிட்டார். பாத்தி சுவரைவிட்டு மூன்றடி தள்ளிப் போயிற்று. இடைவெளியில் ஜல்லி நிரப்பி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்தோம். அந்த வருடமும் பரிசு அவருக்குத்தான்.

பூச்சுக்குச் சுண்ணாம்பு வாங்கினோம். பாக்கெட்டில் வரும் பொடி வேண்டாம், கட்டிச் சுண்ணாம்புதான் வேண்டும் என்றார் மிஸ்திரி. பழைய குதிரை லாயம் கார் நிறுத்துமிடமாகிவிட்டிருந்தது. அதன் பின்னால் குழி வெட்டி, நீற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டோம். அவர் அதில் வெல்லத் தண்ணீரும் வில்வப்பழக் கூழும் ஊறவைத்து அரைத்த உளுந்தும் சேர்க்கச் சொன்னார். எங்கள் ஊரில் கடுக்காயும் வெல்லமும். சரக்கு வேறு, வேலை ஒன்றுதான். மதிப்பீட்டில் உளுந்து என்று எழுதினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று மேலதிகாரி பயந்தார். சாம்பார் வைத்தீர்களா என்று கேட்பார்களாம். 'இயற்கைச் சேர்மானம்' என்று எழுதினோம். கேள்வி வரவில்லை. மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகும்வரை காத்திருந்து, நனைத்த சாக்கு கட்டி, மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளை அடித்தோம். பார்க்க எளிமையாகத்தான் இருந்தது. நான் அந்த ஊரைவிட்டு மாற்றலாகும்வரை அந்தச் சுவரில் கரண்டி படவில்லை.

கூரை அடுத்தது. அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் ஜாக் ஆர்ச் கூரை இருக்கும். இரும்பு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, இடையில் செங்கல்லைச் சின்ன வளைவாகக் கட்டி, மேலே சுண்ணாம்புக் காங்கிரீட் நிரப்பிச் சமமாக்கியது. கீழிருந்து பார்த்தால் அலை அலையாகத் தெரியும். ஒழுகுகிறது என்றால் நம் ஆட்கள் செய்வது ஒன்றே ஒன்று: மேலே இன்னொரு தளவரிசை. அடுத்த ஒழுகலுக்கு அதற்கு மேல் தார் ஷீட். அதற்கும் மேல் ஓடு. பாரம் ஏறிக்கொண்டே போகும், உத்திரமோ துருப்பிடித்துக்கொண்டே போகும். துருப்பிடித்த இரும்பு பருக்கும், பருத்தால் பக்கத்துச் செங்கல்லைப் பிளக்கும். கீழே உத்திரத்தின் ஓரமாக நூல் பிடித்ததுபோல நேர்க்கோட்டில் விரிசல் தெரிந்தால் அதுதான் அறிகுறி. பூசி மறைக்காமல், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மேலே எதையும் போடுவதற்கு முன் இருப்பதை எடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது, செலவே இல்லாதது. மொட்டை மாடியில் தண்ணீர் போகும் துவாரத்தைப் பாருங்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்த ஒழுகல் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேப்பிலைதான் காரணம். ஜூன் மாதம் மழை தொடங்குமுன் ஓர் ஆளை ஏற்றி இலையை வாரிவிட்டால் பாதிப் புகார் அடங்கிவிடும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெளியே தெரிவதை ஒடித்துவிட்டு இறங்காதீர்கள். ஒடிக்க ஒடிக்க அடியில் வேர் பருக்கும். அந்த இடத்துச் செங்கல்லைப் பெயர்த்து, வேரை முழுக்க எடுத்து, திரும்பக் கட்ட வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். வடக்கே பழைய பங்களாக்களில் உத்திரத்துக்கு அருகே சுவரில் சின்னச் சின்ன ஜன்னல்கள் இருக்கும். ரோஷன்தான் என்பார்கள். கீழிருந்து கயிறு இழுத்தால் திறக்கும். பதினாறடி உயரத்தில் கூடும் சூடு அது வழியாக வெளியேறும், வராந்தாவின் நிழலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஏ.சி. வந்ததும் முதலில் பலியானது இதுதான். குளிர் வெளியே போகிறது என்று பலகை வைத்து அடைத்தார்கள், பிறகு செங்கல் வைத்தே அடைத்தார்கள். அறை பெரிது, குளிரவில்லை என்று பிறகு ஃபால்ஸ் சீலிங். அதற்கும் மேலே பழைய கூரைக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இருட்டறை உருவானது. மேலே ஒழுகினால் கீழே தெரியாது. கறையானுக்கு அதைவிட நல்ல குடியிருப்பை எம்.இ.எஸ். யாருக்கும் கட்டிக் கொடுத்ததில்லை. ஒரு விருந்தினர் அறையில் சீலிங் பலகையைக் கழற்றியபோது, தேக்கு உத்திரத்தின் ஒரு முனை வெளியே முழுசாகவும் உள்ளே காகிதமாகவும் இருந்தது. அழுத்தினேன், கட்டைவிரல் உள்ளே போயிற்று.

ஏ.சி. கூடாது என்று நான் சொல்லவில்லை. மே மாதம் அந்த ஊரில் இருந்து பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஒரு படுக்கையறைக்கு மட்டும் வைத்து, மற்ற அறைகளின் ரோஷன்தானைத் திறந்துவிட்டாலே வீடு பிழைத்துக்கொள்ளும். ஃபால்ஸ் சீலிங் வேண்டும் என்றே அடம்பிடித்தால், ஆள் தலைவிடும் அளவுக்கு ஒரு கதவாவது வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கலாம். கணப்புகளும் இப்படித்தான். பயன்படுத்தவில்லை என்று மேலும் கீழும் அடைத்துவிட்டால் புகைக்கூண்டுக்குள் ஈரம் தங்கும். மேலே மழை விழாதபடி மூடி, பக்கவாட்டில் சின்னத் துளை விட வேண்டும்.

வீட்டின் பின்பக்கம் வேறோர் உலகம். குளியலறை ஒவ்வொன்றுக்கும் வெளியே திறக்கிற தனிக்கதவு உண்டு. இந்தக் காலத்து அதிகாரிகள் அதைப் பார்த்து, 'எத்தனை வசதியாகக் கட்டியிருக்கிறார்கள்' என்று வியந்ததைக் கேட்டிருக்கிறேன். மலம் அள்ளும் தொழிலாளி வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல், கண்ணிலும் படாமல், பின்னாலேயே வந்து பின்னாலேயே போவதற்கான கதவு அது. சுவரில் உயரத்தில் ஒரு ஓட்டையும் கப்பி மாட்டிய தடமும் இருக்கும். பங்கா என்ற தொங்கு விசிறியை ஆட்டும் கயிறு போன வழி. கயிற்றின் மறுமுனையில் ராத்திரி முழுக்க வெளி வராந்தாவில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இந்த வீடுகளின் அழகைப் பேசுகிறவர்கள் இந்தக் கதவையும் ஓட்டையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம். பூசி மறைக்கச் சொன்னபோது நான் ஓட்டையை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன். கதவுக்கு வேறு பயன் கிடைத்தது. குழாய் வேலைக்காரர்கள் கம்பளத்தை மிதிக்காமல் உள்ளே வர முடிந்தது.

அதற்கும் பின்னால் வரிசையாக ஒற்றை அறைக் குடியிருப்புகள். தோட்டக்காரர், சலவைக்காரர், சமையல்காரர், அவர்கள் குடும்பங்கள். பெரிய வீட்டுக்கு வருடந்தோறும் நிதி வரும். இந்த வரிசையின் கூரைக்கு ஒதுக்கீடு கேட்டால் 'அடுத்த ஆண்டு' என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். வேலூர்க்கார ஹவில்தார் ஒருவர் அங்கே பொறுப்பில் இருந்தார். ஒருநாள், "அண்ணாச்சி, ஜெனரல் சாப் ஒரு ராத்திரி இங்கே படுத்தால் நாளைக்கே டெண்டர் வந்துவிடும்" என்றார். ஜெனரலை அங்கே படுக்கவைக்க முடியாது. ஆனால் மார்ச்-இன் சமயத்தில், வீட்டை ஒப்புக்கொள்ளும் புதியவருக்குப் பின்வரிசையையும் சுற்றிக்காட்டலாம் என்று தோன்றியது. அதுவும் மழை நாளாகப் பார்த்து. வேட்டி நுனியில் சொட்டு விழுந்தால் வராத நிதி, சீருடைத் தோளில் விழுந்தால் வருகிறது. அந்த ஆண்டே ஒதுக்கீடு வந்தது. அரசுக் குடியிருப்பில் பராமரிப்பு பார்க்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இந்த ஒரு தந்திரத்தைத்தான்.

மார்ச்-இன், மார்ச்-அவுட் என்பது எங்கள் துறையில் வீடு கைமாறும் சடங்கு. விளக்கு எத்தனை, நாற்காலி எத்தனை, கண்ணாடி உடைந்ததா என்று பட்டியல் வைத்துச் சரிபார்ப்போம். அந்தப் பட்டியலில் நாற்காலிக்கு எண் உண்டு, பித்தளைக் கீலுக்கு எண் கிடையாது. அதனால்தான் பழைய வீடுகளில் கீலும் தாழ்ப்பாளும் ஜன்னல் கொக்கியும் காணாமல் போகின்றன. தேக்குக் கதவை எடுத்துவிட்டு ஃபிளஷ் கதவு மாட்டும்போது பழையது எங்கே போயிற்று என்று யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் என் பங்குக்கு ஒரு நோட்டு வைத்தேன். எந்த அறையில் எந்தக் கதவு, எத்தனை கீல், எந்தப் பக்கம் திறக்கும், பெயின்ட்டுக்கு அடியில் என்ன மரம், எந்தச் சுவர் யார் காலத்தில் எழுந்தது. கூடவே புகைப்படங்கள். மாற்றலாகும்போது அந்த நோட்டைப் பட்டியலோடு சேர்த்து, ஒரு வரிசை எண்ணும் போட்டு ஒப்படைத்தேன். எண் இருந்தால்தான் அடுத்தவர் அதைத் தொலைக்கமாட்டார்.

பிறகு டெல்லிக்கு மாற்றலானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தீன் மூர்த்தி பவன் போனேன். அந்தப் பழைய ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ்தான். 1964 மே 27-இல் நேரு அங்கே இறந்த பிறகு அதை நினைவு அருங்காட்சியகமாக்கி, நூலகமும் அமைத்தார்கள். 2022-இல் எல்லாப் பிரதமர்களுக்குமான அருங்காட்சியகம் அதே வளாகத்தில் திறக்கப்பட்டது. நான் போனது அதற்கு வெகுகாலம் முன்பு. பிள்ளைகள் நேருவின் படுக்கையறையைப் பார்த்தார்கள். நான் வராந்தாவின் ஆழத்தை அடியால் அளந்துகொண்டிருந்தேன். வளைவுகள் வழியாக உள்ளே வரும் வெயில், அறையின் சுவரைத் தொடுவதற்கு முன்பே தரையில் நின்றுவிடுகிறது. அதே வளாகத்தில் ஃபெரோஸ் ஷா துக்ளக் காலத்து வேட்டை மாளிகை ஒன்றும் நிற்கிறது, குஷக் மஹால். சுல்தான், கமாண்டர் இன் சீஃப், பிரதமர் மூவருக்கும் அந்தத் திடல் பிடித்திருக்கிறது. போகிறவர்கள் தோட்டத்துப் பக்கத்து முகப்பை நிதானமாகப் பாருங்கள். கட்டடத்தின் கெட்டிக்காரத்தனம் அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.

பரங்கிமலையிலும் வெலிங்டனிலும் பழைய பங்களா ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று ஊர்க்காரர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். கன்டோன்மென்ட் எல்லைக்குள் இருந்தால் நான் முதலில் கேட்பது சுவரைப் பற்றி அல்ல. வங்காள ராணுவத்தின் கன்டோன்மென்ட்களுக்கு 1836-இல் 179-ஆம் எண் ஆணை ஒன்று வந்தது. அதன்படி நிலம் சர்க்காருடையது, மேலே நிற்கும் கட்டடம் மட்டும்தான் உங்களுடையது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, கட்டடத்தின் மதிப்பைத் தந்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். 'ஓல்டு கிராண்ட்' என்று தரகர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான். மெட்ராஸ், பம்பாய் ராணுவங்களுக்கு வேறு ஆணைகள் இருந்தன, நிபந்தனைகளும் வேறு வேறு. எதுவாக இருந்தாலும் கன்டோன்மென்ட்டின் ஜெனரல் லேண்ட் ரெஜிஸ்டரில் அந்த இடத்துக்கு எதிரே, நிலத்தின் உரிமையாளர் யார், அனுபவிப்பவர் எந்த உரிமையில் அனுபவிக்கிறார் என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். கூரையையும் கரண்டிக் காம்பையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.